யூசுபின் இஞ்சின்

எங்கள் ஊரில் இந்தியாவுக்குப் போகிறவர்கள் சிதம்பர தரிசனத்துக்குப் போவார்கள். வசதி உள்ளவர்கள் கல்யாணப் பட்டு எடுக்கப் போவார்கள். நான் ஒரு பழைய மோட்டார்க் காரின் ஆக்ஸிலேட்டர் கம்பிகளைத் தேடிப் போனேன். விருந்துகளில் இந்தக் கதையைப் பலமுறை சொல்லியிருக்கிறேன். கரி பஸ் பாலத்தில் நின்றதையும் என் யாழ்ப்பாணத் தமிழைக் கண்டக்டர் மலையாளம் என்று நினைத்ததையும் சொல்வேன், கேட்டவர்கள் சிரிப்பார்கள். கடைசி இரண்டு நாட்களை யாரிடமும் சொன்னதில்லை. என் மனைவியும் அதைத் தெரிந்துகொள்ளாமலே போய்விட்டாள். இப்போது எழுதுகிறேன்.

அது யுத்த காலம். ஜப்பான்காரர்கள் மலாயாவைப் பிடித்த மறு வருடம். கண்டிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் ஆஸ்பத்திரியை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் முழு டாக்டர் இல்லை. மலையில் வேறு டாக்டர் இல்லாததால் எல்லாரும் டாக்டர் ஐயா என்றே அழைத்தார்கள். பெரிய ஆஸ்பத்திரி அடிவாரத்தில் இருந்தது. நோயாளிகளை அங்கே இறக்க, துரை ஒருவர் வேண்டாம் என்று விட்டுப்போன இங்கிலீஷ் கார் ஒன்று எங்களிடம் இருந்தது. பின் இருக்கையைக் கழற்றிவிட்டுப் பலகை போட்டிருந்தோம்.

அந்தக் காரில் ஆக்ஸிலேட்டரை மிதித்தால், மிதி இரண்டு கம்பிகளை இழுத்து கார்புரேட்டரின் உள்கதவைத் திறக்கும். கம்பிகள் திசை மாறும் இடத்தில் முழங்கை போல வளைந்த ஒரு சிறிய இரும்பு. அதன் இரு முனைகளிலும் புளியங்கொட்டை பருமனில் உருண்டைகள், உருண்டைகளைக் கவ்வும் கிண்ணங்கள், கிண்ணங்களுக்குள் ஸ்பிரிங். அந்த முழங்கை உடைந்துபோயிற்று. கம்பளையில் ஒரு கொல்லர் அதைப் பார்த்து இன்னொன்று அடித்துத் தந்தார். பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருந்தது. முதல் இறக்கத்திலேயே, டிரைவர் காலை எடுத்த பிறகும் இஞ்சின் வேகம் குறையாமல் ஓடியது. அவர் மண்மேட்டில் மோதி நிறுத்தியிருக்காவிட்டால் பள்ளத்தில் விழுந்திருப்போம்.

கார் நின்றிருந்த அந்த மழைக் காலத்தில், முத்தாயி என்ற கொழுந்து பறிக்கும் பெண்ணைப் பிரசவ வலியோடு மாட்டு வண்டியில் இறக்கினோம். பாதி வழியில் இறந்துபோனாள். குழந்தையும் பிழைக்கவில்லை. அவள் புருஷன் என்னை ஒரு வார்த்தையும் குறை சொல்லவில்லை. அது எனக்குத் தாங்கவில்லை. கொழும்புக் கடைகளில் யுத்தச் சாமானைத் தவிர எதுவும் இறங்குவதில்லை. முசிறிப் பக்கத்திலிருந்து வந்த பெரிய கங்காணிதான், அதே கார்கள் திருச்சியில் டாக்ஸியாக ஓடியதைத் தான் பார்த்திருப்பதாகச் சொன்னார். துரை லீவு கொடுத்தார்.

திருச்சியில் இறங்கிய அன்று முதலில் என்னைத் தாக்கியது வெயில். மலையில் கம்பளி போர்த்திக் கொண்டிருந்தவனுக்கு அது அடுப்படியில் நிற்பதுபோல இருந்தது. இரண்டாவது, காப்பி. எங்கள் நாட்டில் விளைவது தேயிலை. நாங்கள் குடிப்பது அதன் தூள். இங்கே ஜங்ஷனுக்கு எதிரே ஒரு சாதாரண காப்பி கிளப்பில், சீனி தட்டுப்பாட்டையும் மீறி, டவராவில் நுரையோடு கொண்டுவந்து வைத்தார்கள். அந்த நாள் முழுவதும் அதைப்பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

கங்காணியின் உறவினர் ஒருவர் பொன்மலை ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்தார். ஷிப்டு முடிந்து சைக்கிள்கள் ஆறுபோல வெளியே வந்தபோது, அந்தக் கூட்டத்தில் அவரைக் கண்டுபிடித்தேன். உள்ளே இரவும் பகலும் யுத்த வேலை நடப்பதால் ஒரு ஆணியைக்கூட வெளி வேலைக்குத் தொட முடியாது என்றார். ஸ்ரீரங்கத்தில் ஒரு வக்கீல் ஐயங்காரிடம் அதே கார் இருப்பதாகத் தகவல் கொடுத்தார்.

மறுநாள் காலை ஸ்ரீரங்கம் பஸ். பெட்ரோல் இல்லாத காலம். பஸ்ஸின் முதுகில் இரும்பு உருளை ஒன்றைக் கட்டி, அதில் கரியை எரித்து, அந்த வாயுவில் ஓட்டினார்கள். காவேரிப் பாலத்தின் நடுவில் வண்டி இருமி நின்றது. எல்லாரையும் இறங்கச் சொன்னார் கண்டக்டர். என்ன கோளாறு என்று நான் விசாரித்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“மலையாளத்து ஆளா? தமிழ் பரவாயில்லாமப் பேசுறீங்களே” என்றார்.

நான் யாழ்ப்பாணம், வேலை கண்டிப் பக்கம் என்றேன். பக்கத்தில் கூடையோடு நின்ற ஒரு பெண்பிள்ளை உடனே என் பக்கம் திரும்பி, “கண்டிச்சீமையா? எங்க சின்ன மாமன் அங்கதான் போச்சு. பேரு கருப்பன். பாத்திருக்கியளா?” என்று கேட்டாள். கண்டிச்சீமையில் கருப்பன் என்ற பெயரில் ஆயிரம் பேர் இருப்பார்கள் என்று சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கீழே காவேரி அகலமாக, மணல் திட்டுகளோடு ஓடியது. எங்கள் மகாவலி பாறையில் மோதிச் சத்தமிடும். இது சத்தமே இல்லாமல் போயிற்று.

திருவானைக்காவலில் பஸ் மறுபடியும் நின்றபோது, சரிசெய்யும்வரை கோயிலுக்குள் போய்விட்டு வந்தேன். சைவனாகப் பிறந்தவன் அந்த வாசலைத் தாண்டிப் போக மனம் வராது. லிங்கத்தைச் சுற்றி நீர் ஊறிக்கொண்டிருந்தது. முத்தாயியின் பெயரைச் சொல்லிக் கும்பிட்டேன். அதுவரை நான் கெட்ட எண்ணம் எதுவும் இல்லாத மனிதன்.

வக்கீல் ஐயங்காரின் வீடு உத்தர வீதியில். என் நெற்றித் திருநீற்றைப் பார்த்தும் முகம் சுளிக்காமல், “வாங்கோ, வாங்கோ, கடல் தாண்டின்னா வந்திருக்கேள்” என்று கொல்லைப்புறக் கொட்டகைக்கு அழைத்துப்போனார். டயர்களைக் கழற்றிச் செங்கல் மேல் ஏற்றிவைத்திருந்தார்.

“பெருமாள் தேருக்கு வருஷத்துக்கு ஒரு தரமாவது வடம் பிடிக்க ஜனங்கள் வரா. இதுக்கு அந்தப் பாக்கியமும் இல்லை” என்றார்.

மூடியைத் திறந்ததும் எனக்கு ஏமாற்றம். கார் அதேதான்; இரண்டொரு வருடம் பிந்தியது. கார்புரேட்டர் இஞ்சினின் மறுபக்கத்தில் இருந்தது. முழங்கையும் வலது கைக்கு இடது கை போல எதிராகத் திரும்பியிருந்தது. ஐயங்கார் என்னைவிட அதிகமாக வருந்தினார். பிரசாதம் ஸ்வீகரித்துவிட்டுத்தான் போகவேண்டும் என்று சொல்லித் தொன்னையில் புளியோதரை தரச் செய்தார். தம்முடைய பழைய டிரைவர் உதிரிச் சாமான் வாங்கும் கடை ஒன்று கோட்டைப் பக்கம் தர்காவுக்குப் பின்னால் இருப்பதாகவும், மீரான் ராவுத்தர் என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள் என்றும் சொன்னார்.

அன்று மாலையே போனேன். சந்தின் இரண்டு பக்கமும் பழைய இரும்பு. மீரான் ராவுத்தர் ஐம்பது வயதிருக்கும் கனத்த மனிதர். என் உடைந்த துண்டை வாங்கி விரலால் தடவிப் பார்த்தார். உள்ளே அழைத்துப் போய், மரப்பலகை ஒன்றை நகர்த்தி, எண்ணெய்ச் சாக்கை விலக்கினார். முழு இஞ்சின். கார்புரேட்டர் எங்கள் காரில் இருப்பதுபோலவே இடப்பக்கம். கம்பிகள், முழங்கை, கிண்ணங்கள், ஸ்பிரிங் எல்லாம் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருந்தன. நான் அதைத் தொட்டு அசைத்துப் பார்த்தேன். ஒரு சத்தம் இல்லாமல் அசைந்து, விட்டதும் தன் இடத்துக்குத் திரும்பியது.

விலை கேட்டேன்.

“இது விக்கிற சாமான் இல்லைங்க. அமானிதம்” என்றார்.

ஒருவர் நம்பி ஒப்படைத்த பொருள், கேட்டு வரும்வரை அப்படியே காக்கவேண்டியது என்று விளக்கினார். ஒப்படைத்தவர் யூசுப். டாக்ஸி ஓட்டியவர். வண்டியின் உடம்பு ஒரு விபத்தில் நசுங்கியதும் இஞ்சினை மட்டும் இங்கே வைத்துவிட்டு, பினாங்கில் மாமாவின் கடையைப் பார்த்துக்கொள்ளப் போயிருக்கிறார். பிறகு ஜப்பான்காரன் வந்தான். கடிதம் நின்றுபோயிற்று. தாயும் மனைவியும் அடுத்த சந்தில் இருக்கிறார்கள். நெட்டையான ஆள், ஒருமுறை இஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் ஹாண்டில் திருப்பி அடித்து முன்பல் பாதி உடைந்தது, அதையும் சிரித்துக்கொண்டே காட்டுவான் என்று ராவுத்தர் சொன்னார்.

நான் முத்தாயியின் கதையைச் சொன்னேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அளவு எடுத்துக்கங்க, அச்சு எடுத்துக்கங்க. எத்தனை நாள் வேணும்னாலும் இங்க உட்கார்ந்து எடுங்க. கழற்ற மட்டும் என்னால முடியாது. யூசுப் வாயால சொல்லணும்” என்றார்.

அது பெரிய மனது. ஆனால் அடித்துச் செய்த துண்டு என்ன செய்யும் என்பதை நான் மலைச்சரிவில் பார்த்தவன். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

மறுநாள் காலை ஜட்காவில் அதே சந்துக்குப் போகும்போது, என்ன சொல்லப்போகிறேன் என்பதை முடிவு செய்துவிட்டேன். பாதி உண்மை என் கையில் இருந்தது. முந்தைய வருடம், மலாயாவிலிருந்து கப்பல்களில் வந்த அகதிகளுக்கு வைத்தியம் பார்க்க, கொழும்பு முகாமில் சில வாரங்கள் நான் வேலை செய்தேன். மீதியை நான் சேர்த்தேன். யோசித்துப் பார்த்ததில் நினைவு வந்தது, முன்பல் உடைந்த திருச்சிக்காரர் ஒருவருக்குக் காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தேன், ஊரில் ஒரு இஞ்சினை விட்டு வந்ததாகவும், தேவைப்பட்டவர் யாராவது வந்தால் மீரான் பாய் கொடுக்கலாம் என்றும் சொன்னார் என்றேன். இப்போது எங்கே என்று கேட்டால் முகவரி சொல்ல வேண்டும். அதனால் குணமானதும் ஒரு கப்பலில் வேலை கிடைத்து ஆப்பிரிக்கப் பக்கம் போய்விட்டார் என்றும் சொல்லிவைத்தேன். எல்லாவற்றையும் யோசித்துவிட்டேன் என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ராவுத்தர் இஞ்சின் பக்கம் திரும்பவே இல்லை. என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “ஹயாத்தோட இருக்கானா?” என்று கேட்டார். ஆம் என்றேன். பட்டப்பகலில் கடைப் பலகைகளை அடைத்தார். இப்படி நடக்கும் என்று நான் நினைக்கவில்லை. சந்தில் போகும்போதே எதிர்ப்பட்டவர்களிடம் எல்லாம் யூசுப் உயிரோடிருக்கிறான் என்று சொல்லிக்கொண்டு போனார். நாங்கள் யூசுபின் வீட்டை அடைவதற்கு முன்பே சேதி அங்கே போய்விட்டது.

தாயார் வாசல் நடையிலேயே நின்றிருந்தார். மெலிந்த, உயரமான பெண்மணி. உள்ளே தொங்கிய திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. அது மருமகள். என்னை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுத் தாயார் தரையில் உட்கார்ந்தார். இளைத்திருந்தானா, இருமல் இருந்ததா, என்ன உடுத்தியிருந்தான் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கொஞ்சம் இளைத்திருந்தார், இருமல் இல்லை, கைலியும் சட்டையும் என்று பதில் சொன்னேன். திரைக்குப் பின்னால் அழுகைச் சத்தம் கேட்டது.

பிறகு அவர் கேட்டார்: “எனக்குச் சலாம் சொன்னானா தம்பி?”

நான் படித்தவன். பொய் சிறிதாக இருந்தால் தீங்கும் சிறிதாக இருக்கும் என்று அந்த நேரத்தில் ஒரு கணக்குப் போட்டேன். இனி எதையும் கூட்டக்கூடாது என்று எனக்கு நானே கட்டளையிட்டுக்கொண்டேன். வெளியூரில் இருக்கும் ஒரு முஸ்லிம் மகன், வீட்டுப் பக்கம் போகிற எவரைக் கண்டாலும் முதலில் தாய்க்குச் சலாம் சொல்லி அனுப்புவான் என்பது எனக்குத் தெரியாது. மற்றதையெல்லாம் மறந்தாலும் அதை மறக்கமாட்டான் என்பதும் தெரியாது.

“இல்லை அம்மா. இஞ்சினைப் பற்றி மட்டும்தான் சொன்னார்” என்றேன்.

ராவுத்தர் தலையைக் குனிந்துகொண்டார். தாயார் முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

“கொழும்பு வரைக்கும் வந்திருக்கான்” என்றார் மெதுவாக. “இரும்பு ஞாபகம் இருந்திருக்கு.” பிறகு, “நல்லா இருந்தாச் சரி. அல்ஹம்துலில்லா” என்று சொல்லி எழுந்து உள்ளே போனார்.

சாப்பிடாமல் விடவில்லை. “திருநீறு பூசியிருக்கீங்க. கறி சேர்த்துக்குவீங்களா?” என்று ராவுத்தர் மூலம் கேட்டனுப்பினார். சேர்ப்பேன் என்றேன். அரிசி கிடைக்காத காலத்தில், யாரிடம் வாங்கினார்களோ, நெய்ச்சோறும் தாளிச்சாவும் வந்தன. எங்கள் ஊரில் ஆட்டுக்கறிக்குத் தேங்காய்ப்பால் ஊற்றுவோம். இங்கே பருப்போடும் மாங்காயோடும் புளிப்பாக இருந்தது. அவ்வளவு ருசியான சாப்பாட்டை அந்தப் பயணத்தில் நான் சாப்பிடவில்லை. தாயார் நிலைப்படியில் நின்று, நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைக்குத் திரும்பி நடக்கும்போது ராவுத்தர் சொன்னார். யூசுப் பினாங்குக்குப் போவது தாயாருக்குப் பிடிக்கவில்லை. புறப்பட்ட அன்று அவர் கோபத்தில் அறையை விட்டு வெளியே வரவில்லை. இவனும் வீம்பில் சலாம் சொல்லாமலே வண்டி ஏறிவிட்டான். “அக்கா அதுலேருந்து அந்த ஒரு சலாத்துக்குத்தாங்க காத்திருக்கு” என்றார்.

அந்த இடத்திலேயே நான் திரும்பிப் போயிருக்கலாம். சலாம் சொன்னார் அம்மா, நான்தான் மறந்துவிட்டேன் என்று இன்னொரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். பொய்மேல் பொய் கூடாது என்று நினைத்தேன் என எனக்கு நானே பல வருடங்கள் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. ராவுத்தர் இன்னும் திருகுகளைக் கழற்றியிருக்கவில்லை. சாமான் என் கைக்கு வரவில்லை.

அவரே கழற்றினார். ஒவ்வொரு திருகையும் துடைத்து, எண்ணெய்த் துணியில் சுற்றித் தந்தார். விலை பேச மறுத்துவிட்டார். யூசுப் கொடுக்கச் சொன்னதற்குத் தாம் எப்படி விலை வாங்குவது என்றார்.

அடுத்த நாள் ஜங்ஷனில் ரயிலேறி உட்கார்ந்திருந்தேன். ராவுத்தர் கூட்டத்தில் வியர்த்து விறுவிறுத்துத் தேடிக்கொண்டு வந்தார். ஜன்னல் வழியாக ஒரு பொட்டலத்தை நீட்டினார். அக்கா வழிக்குக் கொடுத்தனுப்பிய ரொட்டி என்றார். பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“அக்கா ஒரு சேதி சொல்லச் சொல்லுச்சு. கப்பல் திரும்ப கொழும்புக்கு வந்தா நீங்க அவனைப் பாப்பீங்கல்ல? அம்மா சலாம் சொன்னுச்சுன்னு சொல்லுங்க. அன்னிக்கு வெளிய வராதது அம்மா தப்புதான்னு சொல்லுங்க. கோபம் இல்லையாம்.”

நான் தலையாட்டினேன்.

“எங்கள்ல சலாம் சொல்லி அனுப்பினா அதுவும் அமானிதம்தாங்க. கொண்டுபோய்ச் சேர்க்கிற வரைக்கும் உங்க பொறுப்பு” என்றார்.

சரி என்றேன். ரயில் நின்றுகொண்டுதான் இருந்தது. சொல்ல நேரம் இருந்தது. அவர் பினாங்கைப் பற்றியும் யுத்தம் எப்போது முடியும் என்பதைப் பற்றியும் பேசிக்கொண்டே இருந்தார். நானும் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு ரயில் புறப்பட்டது.

கார் ஓடியது. அந்த முழங்கை ஒருநாளும் சிக்கவில்லை. பல பெண்கள் அதில் மலை இறங்கிப் பிள்ளையோடு திரும்பி வந்தார்கள். அவர்களில் ஒவ்வொருத்தியையும் என் பொய்க்கு ஈடாக வைத்துப் பார்த்தேன். அந்தத் தாயார் என்ன நினைத்துக்கொண்டிருப்பார் என்பதை அது மாற்றவில்லை. யுத்தம் முடிந்தபின் இரண்டு முறை திருச்சி வழியாக ரயிலில் போனேன். இரண்டு முறையும் இறங்கவில்லை. தாயார் இன்னும் இருக்கிறாரா, மகன் வந்து சேர்ந்தாரா என்பது எனக்குத் தெரியாது. பினாங்கிலிருந்து வந்தவர்கள் சிலரிடம் விசாரித்தேன். யூசுப் என்றால் எந்த யூசுப் என்று கேட்டார்கள்.

யூசுபை நான் பார்த்ததே இல்லை. கோட்டைப் பக்கத்துச் சந்திலிருந்து போய், பினாங்கில் மாமாவின் கடையில் இருந்தவர். உயிரோடிருந்தால் என் வயதுதான் இருக்கும். அவரையோ அவருடைய பிள்ளைகளையோ அறிந்தவர்கள் இதைப் படிக்க நேர்ந்தால், தயவுசெய்து அவர்களிடம் சொல்லுங்கள்: அவருடைய தாயார் அவருக்குச் சலாம் சொன்னார். அன்று அறையை விட்டு வெளியே வராதது தம்முடைய தப்பு என்றும், கோபம் இல்லை என்றும் சொன்னார். கொழும்பு வரை வந்தும் தாய்க்கு ஒரு சலாம் சொல்லாமல் போன மகன் என்று அந்த வீட்டில் யாராவது இன்னும் நம்பிக்கொண்டிருந்தால், அது பொய். அவர் கொழும்புக்கு வரவே இல்லை. அங்கே இருந்தவன் நான் மட்டும்தான்.